பழைய விளையாட்டுக் கணினிகளின் புதுப்பதிப்புகள்: விலையும் சமூக ஆதரவும் – ஒரு திறனாய்வு

முன்னுரை

வழக்கொழிந்த நூல் மீண்டும் அச்சேறுவது நமக்குப் புதிய செய்தியன்று. வழக்கொழிந்த கணினி மீண்டும் ஆலையில் உருவாவதும், அதற்கு ஆயிரக்கணக்கானோர் முன்பணம் செலுத்திக் காத்திருப்பதும் சற்றே புதியவை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடவும் நிரல் எழுதிப் பழகவும் 1980களில் பயன்பட்ட சிறு கணினிகள் 1990களின் முற்பாதியில் சந்தையை விட்டு நீங்கின. அண்மைப் பத்தாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவை புதிய வன்பொருளாக மறுபடியும் செய்யப்பட்டு வருகின்றன. வாங்குவோர் பழைய கணினி விளையாட்டுகளில் ஆர்வமுடையோர். செய்வோரும் பெரும்பாலும் அவர்களே.

இப்பொறிகளைப் பற்றிய மதிப்புரைகளில் இருவகைக் குரல்கள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. விலை மிகுதி, இதே பணியை இதனினும் மலிவான கருவி செய்யும் என்பது ஒன்று. இது சமூகத்தின் ஆக்கம், இதனை விலைகொண்டு அளத்தல் தகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் போதா என்பதே நம் கருத்து. முதற்குரல் விற்கப்படும் பொருள் இன்னதென்று அறியாமல் பேசுகின்றது. இரண்டாங்குரல் சமூகம் என்னும் சொல்லின் பின்னே எவருடைய உழைப்பும் எவருடைய இழப்பும் உள்ளன என்பதைக் கூறாமல் விடுகின்றது. பிரித்தானியாவின் ‘இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்’ என்னும் கணினியை முதன்மையாகவும், ‘மெகா65’, ‘மிஸ்டர்’ ஆகியவற்றை ஒப்புநோக்கவும் கொண்டு இதனை ஆராய முற்படுகிறோம்.

இந்தியவியல் இதழில் இப்பொருளுக்கு இடமுண்டோ என வினவுவோர் இருக்கலாம். சந்தை கைவிட்ட ஒன்றை எவர், எவருடைய பணத்தில், எவ்வுரிமையோடு காப்பது என்பது சுவடிப் பதிப்பின் வரலாற்றைப் பயின்றோர்க்கு அயலான வினாவன்று.

175 என்னும் எண்

1982 ஏப்ரலில் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம், 16 கிலோபைட் நினைவகத்தோடு 125 பவுண்டுக்கும் 48 கிலோபைட் நினைவகத்தோடு 175 பவுண்டுக்கும் விற்கப்பட்டது. அதன் வன்பொருளை ரிச்சர்ட் ஆல்ட்வாசரும், பேசிக் மொழியைச் சுடீவன் விக்கர்சும், புறவடிவத்தை ரிக் டிக்கின்சனும் உருவாக்கினர். ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து டைமெக்ஸ் ஆலையில் அது தயாரானது. பல சில்லுகள் செய்யவேண்டிய பணியைப் பெரான்டி நிறுவனத்தின் யு.எல்.ஏ. என்னும் ஒரே சில்லில் அடக்கியதும், தனித்தனி விசைகளுக்கு மாறாக ஒரே இரப்பர்த் தகட்டைப் பயன்படுத்தியதும் விலைக் குறைப்பின் வழிகள். (அவ்விசைகள் விரலுக்கு இனியவை என்று அப்பொறியைப் போற்றுவோரும் கூறுவதில்லை.) ஸ்பெக்ட்ரம் வரிசைக் கணினிகள் ஐம்பது இலட்சத்திற்கு மேல் விற்பனையாயின. 1986இல் சின்கிளேரின் கணினித் தொழில் ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திற்குக் கைமாறியது.

2017 ஏப்ரல் 23ஆம் நாள், முதற்பொறிக்கு 35 ஆண்டுகள் நிறைந்தபோது, கிக்ஸ்டார்ட்டர் வழியாக நெக்ஸ்டுக்கான நிதித் திரட்டல் தொடங்கியது. கோரிய தொகை 250,000 பவுண்டு. 3,113 பேர் அளித்தது 723,390 பவுண்டு. முழுக் கணினிக்குரிய அடிப்படைத் தொகையாக 175 பவுண்டு வைக்கப்பட்டது. இது பழைய விலையின் எண்ணே என்பதை ஆர்வலர் எவரும் உணராதிருக்க இயலாது. ஆயினும் எண் ஒன்றாயினும் மதிப்பு ஒன்றன்று. பிரித்தானிய விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் 1982இன் 175 பவுண்டு 2017இல் 500 பவுண்டுக்கும் மிகும். பெயரளவில் மாறாத விலை, மெய்யளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்துள்ளது.

அங்ஙனமாயின் விலை மிகுதி என்னும் குறை எங்ஙனம் எழுகின்றது? 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினியின் விலை 35 டாலர். எமுலேட்டர் எனப்படும் போலச்செய் மென்பொருளை அதில் இட்டால் ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை குறையின்றி ஓடும். ஸ்பெக்ட்ரத்தின் உள்நிரல்களை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்க ஆம்ஸ்ட்ராட் 1999இலேயே இசைவளித்துவிட்டதால் சட்டத் தடையும் இல்லை. எனவே விளையாடுதல் மட்டுமே நோக்கமாயின், மலிவான வழியைச் சுட்டுவோர் கூற்று முற்றிலும் சரியானது. அதனை மறுக்க முற்படும் ஆர்வலர் எழுத்துகள் பலவும் வலிந்து பொருள் கொள்வனவாகவே நமக்குத் தோன்றுகின்றன.

ஆனால் அவ்வொப்பீட்டில் எண்ணிக்கை மறைந்துவிடுகின்றது. மேற்கூட்டை வார்க்கும் எஃகு வார்ப்பச்சுக்கு ஆகும் செலவு, மூவாயிரம் கூடுகள் வார்த்தாலும் முப்பது இலட்சம் வார்த்தாலும் பெரிதும் மாறாது. ஒரு வார்ப்பச்சுத் தொகுதிக்கு 60,000 பவுண்டு ஆகின்றதெனக் கொள்வோம். மூவாயிரம் பொறிகளின்மீது அது பரவுங்கால் ஒவ்வொன்றிற்கும் 20 பவுண்டு; ஐம்பது இலட்சம் பொறிகளின்மீது பரவுங்கால் ஒரு பென்னிக்குச் சற்றே மிகும். விசைப்பலகை, பெட்டி, கையேட்டு அச்சு, மின்காந்தச் சோதனை என ஒவ்வொன்றிற்கும் இதே கணக்கு. ஆகவே வாங்குபவர் செலுத்துவது பொறியின் விலையன்று. சிறுகூட்டமாய் இருப்பதன் விலை. முந்நூறு படிகள் மட்டும் அச்சிட்டு வெளியிடும் நம்மவர் ஆய்வுநூல்களின் விலையைக் கண்டு வியப்போர்க்கும் இதே விடை பொருந்தும்.

மெகா65இன் விலை இதனினும் வெளிப்படையானது. கமடோர் நிறுவனம் உருவாக்கத் தொடங்கி 1991இல் கைவிட்ட கமடோர் 65 என்னும் கணினியை, ஜெர்மனியைச் சேர்ந்த இலாப நோக்கற்ற சங்கம் ஒன்று முழுமைப்படுத்திப் பொறியாக்கியது. இயந்திர விசைப்பலகையும் உண்மையான நெகிழ்வட்டு இயக்கியும் கொண்ட அதன் விலை வரி நீங்கலாக 666.66 யூரோவாக இருந்தது. 1976இல் ஆப்பிள்-1 கணினி 666.66 டாலருக்கு விற்கப்பட்டதை இவ்வெண் நினைவூட்டுகின்றது. இத்துறையில் விலையும் ஒரு மேற்கோளாகிவிடுகின்றது போலும்.

பாடமும் பதிப்பும்

நெக்ஸ்டில் எமுலேட்டர் இல்லை, எஃப்.பி.ஜி.ஏ. என்னும் சில்லு உள்ளது. செய்து முடித்த பின்னரும் உள்ளிருக்கும் மின்சுற்றை வேண்டியவாறு வகுத்துக்கொள்ள இடந்தரும் சில்லு அது. எமுலேட்டர் பழைய சில்லின் செயல்களை நிரலின் கட்டளைகளாகச் செய்துகாட்டும். எஃப்.பி.ஜி.ஏ.வோ பழைய சில்லின் சுற்று எவ்வாறு அமைந்ததோ அவ்வாறே தன்னுள் அமைந்து, அதன் பகுதிகள் யாவும் ஒரே காலத்தில் இயங்கும். விசையை அழுத்தும் கணத்திற்கும் திரை மாறும் கணத்திற்கும் இடையிலுள்ள தாமதம் குறைவதற்கு இது உதவும்.

இதனின்றும் ஒரு மிகைக்கூற்று பிறந்துள்ளது. எஃப்.பி.ஜி.ஏ. என்றாலே மூலப்பொறி, எமுலேட்டர் என்றாலே போலி என்பதே அது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. சில்லுக்குள் இடப்படும் சுற்றுவரைவை எழுதுபவரும் ஒரு மனிதரே. பழைய சில்லு எவ்வாறு இயங்கிற்று என்று அவர் புரிந்துகொண்டதே அவ்வரைவு. அதிலும் பிழைகள் உண்டு; திருத்தங்கள் தொடர்ந்து வெளிவருகின்றன. ஸ்பெக்ட்ரத்தின் யு.எல்.ஏ. சில்லும் மையச் செயலகமும் நினைவகத்தை ஒரே வேளையில் நாடுமிடத்துச் செயலகம் நிறுத்திவைக்கப்படும். அச்சிறு தாமதங்களை எண்ணியெண்ணி அக்கால நிரலர் சிலர் திரையில் கூடாத நிறங்களைக் கூட்டினர். வடிவமைப்பின் குறையென்று கருதத்தக்க இத்தன்மை நுட்பமாக மீளவில்லையெனில் அந்நிரல்கள் பிறழும். எழுதினோன் பிழையென எண்ணி ஓரெழுத்தைத் திருத்தினால் செய்யுளின் எதுகை கெடுவதை ஒத்தது இது. யு.எல்.ஏ.வின் உள்ளமைப்பை ஆராய்ந்து கிறிஸ் சுமித் எழுதி 2010இல் வெளிவந்த நூலை இச்சில்லுக்கு எழுந்த உரை என்றே கூறலாம். எமுலேட்டர் ஒரு பதிப்பு, எஃப்.பி.ஜி.ஏ. மற்றொரு பதிப்பு. எது சிறந்தது என்பதைப் பதிப்பாசிரியரின் கவனமே தீர்மானிக்குமன்றி அச்சிட்ட தாளன்று.

நெக்ஸ்ட் பழையதை மீட்பதோடு நின்றுவிடவும் இல்லை. பழைய செயலகத்தின் 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம் 28 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தப்பட்டுள்ளது. 256 நிறப் படலமும் அசையும் உருக்களுக்கான தனிச் சுற்றும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆதலின் இது பதிப்பும் இடைச்செருகலும் ஒருங்கே அமைந்த பொறி. இடைச்செருகல் என்பதை ஈண்டு இழிவுப் பொருளில் ஆளவில்லை. புதிய நிரல்கள் எழுவதற்கு இடமளித்தது அதுவே.

கையொப்பமும் கூட்டுநிதியும்

அச்சேறாத நூலுக்கு முன்னரே பெயர்கொடுத்துத் துணைநிற்கும் கையொப்பக்காரரை நாடியே உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளிக்கொணர்ந்தார் என்பதை நம் வாசகர் அறிவர். கிக்ஸ்டார்ட்டர் முதலியவற்றின் வழி நடைபெறும் கூட்டுநிதித் திரட்டல் அம்முறையின் உறவுதான். எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கையொப்பக்காரர் பதிப்பாசிரியரை நேரிலோ நண்பர் வழியிலோ அறிந்தவர். கூட்டுநிதி அளிப்போர் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரு காணொளியையும் ஒரு வாக்குறுதியையுமே. நெருக்கம் தந்த காப்பு இங்கில்லை.

‘வேகா பிளஸ்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியின் கதை இதனைக் காட்டும். ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளை ஆடுவதற்கென 2016இல் இண்டிகோகோ வழியாக அதற்கு ஐந்து இலட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. அவ்வாண்டிலேயே வருமெனப்பட்ட கருவி 2018இல் சிலர்க்கு மட்டும், அதுவும் குறைகளோடு வந்துசேர்ந்தது. ஆம்ஸ்ட்ராட்டை 2007இல் வாங்கியதன் வழி ஸ்பெக்ட்ரத்தின் உரிமைகளைப் பெற்றிருந்த ஸ்கை நிறுவனம் தன் உரிமத்தை விலக்கிக்கொண்டது. 2019இன் தொடக்கத்தில் அக்கருவியை அறிவித்த நிறுவனம் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. பணம் கொடுத்தோரிற் பெரும்பாலோர்க்குக் கருவியும் இல்லை, பணமும் இல்லை. சட்டப்படி அவர்கள் வாங்குநரும் அல்லர், பங்குதாரரும் அல்லர். வாங்குநரின் பாதுகாப்பும் பங்குதாரரின் குரலுமின்றி, இருவர்க்குமுரிய இடரை மட்டும் அவர்கள் சுமந்தனர். சமூக ஆதரவு என்னும் சொல்லைப் புகழ்மொழியாக மட்டும் ஆள்வோர் இதனை மறக்கலாகாது.

நெக்ஸ்டும் காலந்தாழ்ந்ததே. 2018 ஜனவரியில் தருவதாகக் கூறிய முழுக் கணினிகள் 2020இன் தொடக்கத்தில்தான் வந்தன. விசைப்பலகையைச் செம்மையாக்குவதில் நெடுங்காலம் கழிந்தது. அதன் புறவடிவத்தை வரைந்த டிக்கின்சன் 2018 ஏப்ரலில் மறைந்தார். தம் இரண்டாம் ஸ்பெக்ட்ரம் பிறர் கைகளில் தவழ்வதை அவர் காணவில்லை. 2020 ஆகஸ்டில் நடந்த இரண்டாம் திரட்டலில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் 18 இலட்சம் பவுண்டுக்கு மேல் அளித்தனர். உலகச் சில்லுத் தட்டுப்பாட்டால் பலகையின் வடிவமைப்பையே மாற்ற நேர்ந்து, மூன்றாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே பொறிகள் வரத் தொடங்கின. ஆயினும் இவை வந்தன. முதல் திரட்டலின்போதே வெறும் மின்சுற்றுப் பலகையை மட்டும் வேண்டியோர்க்கு அதனை முன்னதாக அனுப்பியதும் நன்மை பயத்தது. கூடு வரும்வரை காத்திராமல் நிரலர் பணிதொடங்கினர்; பிழைகள் வெளிப்பட்டன; திட்டம் கண்ணெதிரே வளர்வதைப் பணம் அளித்தோர் கண்டனர். வேகா பிளஸ் அளித்தோர்க்குக் கிட்டாதது இக்காட்சியே.

விலையில் சேராத உழைப்பு

நெக்ஸ்டின் மூலம் பிரேசிலில் உள்ளது. விக்டர் டுருக்கோ, ஃபேபியோ பெலவெனூட்டோ ஆகியோர் ஓய்வு நேரத்தில் உருவாக்கிய பலகையே அதன் கரு. இலண்டனில் விளையாட்டு நிறுவனம் நடத்திய என்ரிக்கே ஒலிஃபியர்ஸ் அதனைப் பொதுத்திட்டமாக மாற்றினார். அதன் இயக்க அமைப்பைக் கேரி லங்காஸ்டர் எழுதினார். ஸ்பெக்ட்ரத்தின் பிற்கால வகையொன்றுக்கு அவர் பல்லாண்டுகளாகச் செம்மைப்படுத்திவந்த உள்நிரலே அதற்கு அடிப்படை. இப்பல்லாண்டு உழைப்பு 175 பவுண்டில் எத்தனை பவுண்டு? விலைப்பட்டியலில் அதற்கு இடமில்லை. மூவாயிரம் பொறிகள் மட்டுமே செய்த ஒரு வணிக நிறுவனம் பொறியாளரின் ஊதியத்தையும் சேர்த்து விலையிட்டிருந்தால், 175 என்னும் எண்ணை அணுகியே இருக்காது. எனவே ‘விலை மிகுதி’ என்பார்க்கு நாம் கூறத்தக்க விடை, விலை மெய்யான செலவினும் மிகக் குறைவு என்பதே.

‘மிஸ்டர்’ திட்டத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகின்றது. அலெக்ஸி மெல்னிகோவ் 2017இல் தொடங்கிய இத்திட்டத்திற்கெனத் தனிப்பொறி செய்யப்படவில்லை. மாணவர்க்கும் ஆய்வாளர்க்குமென டெராசிக் நிறுவனம் 130 டாலர் அளவில் விற்ற டி.இ.10-நானோ என்னும் பயிற்சிப் பலகையை அது தன் மேடையாக்கிக்கொண்டது. நூற்றுக்கணக்கான பழைய கணினிகளும் விளையாட்டு எந்திரங்களும் சுற்றுவரைவுகளாக அதன்மீது ஏறின. ராபர்ட் பைப் தனியொருவராக உழைத்துப் பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ 64 ஆகியவற்றின் வரைவுகளை எழுதி இலவசமாகத் தந்தார். இத்தகையோர்க்கு வருவாய் ஆர்வலர் மாதந்தோறும் விரும்பி அளிக்கும் சிறு தொகைகளே.

பலகையின் குறைந்த விலை கல்வியை முன்னிட்டது. விளையாட்டு ஆர்வலர்க்கென எவரும் அளித்த சலுகையன்று. சில்லுத் தட்டுப்பாட்டையொட்டி அதன் விலை 200 டாலரைத் தாண்டியபோது, மிஸ்டர் மலிவானது என்னும் புகழும் சிதைந்தது. பின்னர் நிகழ்ந்ததே நம் நோக்கில் முதன்மையானது. வரைவுகள் அனைத்தும் திறமூலமாக இருந்தமையால், அதே சில்லைக் கொண்டு பிறர் செய்த நகற்பலகைகள் 2024இல் 100 டாலர் அளவில் விற்பனைக்கு வந்தன. மெல்னிகோவோ டெராசிக்கோ எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. வேகா பிளஸ் வீழ்ந்தபோது இத்தகைய இரண்டாம் வழி எதுவும் இருந்ததில்லை.

ஆகவே இப்பொறிகளைத் திறனாயுங்கால் விலையை அதன் வேகத்தோடு ஒப்பிடும் வழக்கத்தை விடுத்து, செய்தவர் நாளை விலகினால் வாங்கியோர் கையில் எஞ்சுவது யாது என வினவுதல் வேண்டும். இவ்வளவையில் மிஸ்டரும் மெகா65உம் முன்னிற்கின்றன. மெகா65இன் வார்ப்பச்சுகளே ஆர்வலர் நன்கொடையால் செய்யப்பட்டவை, சுற்றுவரைவும் திறந்தது. 666.66 யூரோ பெருந்தொகையெனினும் அதற்கு ஈடாகக் கிடைப்பது பொறி மட்டுமன்று. நெக்ஸ்டின் சுற்றுவரைவும் பின்னர்த் திறந்துவிடப்பட்டு, அதனைத் தழுவிய பலகைகளும் எழுந்துள்ளன. ஸ்பெக்ட்ரத்தின் இதயமான இசட்80 செயலகத்தின் அசல் வகைக்கு இனிப் புதிய வேண்டல்கள் ஏற்கப்படா என 2024இல் சைலாக் நிறுவனம் அறிவித்தது. 1976இல் தோன்றிய சில்லு அது. ஓலை செல்லரிக்குமுன் படியெடுத்தாக வேண்டும் என்னும் பழைய அவசரம் இங்கும் வந்துவிட்டது. திறந்த வரைவு இருக்குமிடத்து அப்படியெடுப்பு முன்னரே நிகழ்ந்துவிட்டது எனலாம்.

நெக்ஸ்டின்மேல் நாம் கூறும் குறை வேறு. 1982இன் ஸ்பெக்ட்ரத்தோடு வந்த பேசிக் கையேடு ஒரு தலைமுறைப் பிரித்தானியச் சிறார்க்கு நிரல் எழுதக் கற்பித்த பாடநூல். நெக்ஸ்டும் அம்மரபை நினைந்தே சுருட்கம்பியால் கட்டிய பெருங்கையேடு ஒன்றைத் தன்னோடு தந்தது. ஃபீபஸ் டோகாஸ் தொகுத்த அந்நூல் தொடக்கநிலை மாணவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. நல்ல பாடநூலுக்குரிய பொறுமை அதில் உண்டு. ஆனால் பொறியை முன்பதிவு செய்ய இயன்றது கூட்டுநிதித் திரட்டல் நடைபெறும் சில வாரங்களில் மட்டுமே. பின்னர் வேண்டுவோர் மறுவிற்பனைச் சந்தையில் கூடுதல் விலைக்குத் தேடவேண்டியவராயினர். நம் வட்டாரத்தில் இருப்போர் அஞ்சற் செலவும் சேர்த்துத் தரவேண்டும். ஒரு வகுப்பிற்கு முப்பது பொறிகள் வேண்டும் ஓர் ஆசிரியர், ஆண்டுகள் பலவும் காத்திருக்கத்தக்க முன்பணத்திற்குத் தம் பள்ளியின் இசைவைப் பெறுதல் இயலாத செயல். கற்போரை நோக்கிப் பேசும் பொறியை, முன்னரே கற்றுத் தேர்ந்த நடுவயதினரே வாங்கினர். கையேட்டின் மின்படியை இன்றும் எவரும் இலவசமாகப் பதிவிறக்கிப் படிக்கலாம். கணினியை மின்னிணைப்பில் பொருத்துமாறு அந்நூல் கூறுகின்றது.